சின்ன உலைக்கு உட்பூச்சு போடுவது எப்படி

திருகோணமலையில் சீமெந்துக்குப் பஞ்சமில்லை. சீனக்குடாவில் தொழிற்சாலையே இருக்கிறது. அதனால் இங்கே வீட்டு முற்றத்தில் இரும்பு அடிக்கச் சின்னதாக ஓர் உலை கட்ட நினைக்கிற எவரும் முதலில் தேடுவது அரை மூடை சீமெந்தைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பரல் ஒன்றின் அடிப்பாதியை எடுத்து, ஒன்றுக்கு மூன்று என்று சீமெந்தும் மணலும் குழைத்து, மேசன் பாஸ் பூசியதுபோல் வழுவழுப்பாகப் பூசி, ஒரு கிழமை தண்ணீர் தெளித்து இறுக வைத்தேன். மூன்றாம் தடவை மூட்டி இருபது நிமிடம் ஆகியிருக்கும், பட்டென்று ஒரு சத்தம். சிரட்டை அளவு துண்டொன்று பறந்துபோய்ச் சுவரில் அடித்தது. சிறு துண்டுகள் என் சாரத்தில் மூன்று ஓட்டை போட்டன. கண்ணில் படாதது அதிர்ஷ்டம், வேறொன்றுமில்லை.

அன்றைக்கு உலையை உடைத்தது உள்ளே ஒளிந்திருந்த தண்ணீர். ஒரு துளி தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு இடம் கேட்கும். இறுகிய பூச்சுக்குள் அந்த இடம் இல்லை, ஆகவே பூச்சைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகிற பாதி விஷயங்கள் தாமாகவே விளங்கும். பூசுவது அரை நாள் வேலை. காய வைப்பது இரண்டு கிழமை வேலை.

பூச்சு எதற்கு

இரும்பை அடித்து வளைக்க அது செம்மஞ்சளாகப் பழுக்க வேண்டும், அதாவது 900 முதல் 1,150 பாகை செல்சியஸ் வரை. அந்தச் சூட்டில் வெறும் தகட்டால் செய்த உலை, உள்ளே இருக்கிற கத்தியோடு சேர்ந்து தானும் பழுக்கும், செதில் செதிலாக உரிந்து சில மாதத்தில் ஓட்டையாகும். பூச்சு தகட்டைக் காப்பாற்றுகிறது. அதைவிட முக்கியமாக, சூட்டை உள்ளேயே மறித்து வைக்கிறது. நல்ல பூச்சுள்ள உலையின் உட்சுவரே பழுத்து, இரும்பைச் சுற்றி நாலா பக்கமும் ஒளிர்ந்து சுடவைக்கும். கரியும் காஸும் மிச்சமாவது அதனால்தான்.

எதைப் போடக்கூடாது

சீமெந்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன், ஆனால் ஆவி மட்டும் அதன் குற்றமல்ல. சாதாரண சீமெந்து இறுகும்போது அதற்குள் நீறிய சுண்ணாம்பு உண்டாகிறது. 400, 500 பாகைக்கு மேலே அது தண்ணீரைக் கக்கிச் சுட்ட சுண்ணாம்பாக மாறுகிறது. உலை ஆறியதும் நம்முடைய கடற்காற்றின் ஈரத்தைக் குடித்து மறுபடி நீறி ஊதுகிறது. இரண்டு மூன்று தடவை சூடாகி ஆறினால் கையால் உதிர்க்கலாம். வெடிக்காத சீமெந்துப் பூச்சும் இப்படித்தான் முடியும்.

கடற்கரையில் கிடக்கும் பவளக்கல், முருகைக்கல் எதுவும் வேண்டாம். அந்தக் காலத்தில் அவற்றைச் சூளையில் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். உலைக்குள் வைத்தால் அதே வேலைதான் நடக்கும். ஆற்றுக் கூழாங்கல்லும் கருங்கல்லும் வெடிக்கும். பரிஸ் சாந்து அந்தச் சூட்டைத் தாங்காது.

கடல் மணலில் உப்பும் சிப்பித் தூளும் கலந்திருக்கும். உப்பு சேர்ந்த களி குறைந்த சூட்டிலேயே கண்ணாடிபோல் உருகி ஒழுகத் தொடங்கும். மகாவலி மணல் சுத்தமானதுதான், ஆனால் ஆற்று மணல் பெரும்பாலும் படிகக்கல். அது 573 பாகையைத் தாண்டும்போது சட்டென்று பருக்கும், ஆறும்போது சுருங்கும். கொஞ்சம் சேர்த்தால் பரவாயில்லை, அதையே நம்பிப் பூசினால் ஒவ்வொரு முறையும் புது வெடிப்பு.

புல்மோட்டைக் கரையில் இருக்கிற கறுப்பு மணலைப் பற்றி என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். "அதில் சிர்க்கோன் இருக்கிறதாமே, அது நெருப்புக்கு அசையாதாமே?" உண்மைதான், சிர்க்கோன் அருமையான பொருள். வார்ப்பு வேலைக்காரர்கள் அச்சுக்குப் பூசுவதும் அதைத்தான். ஆனால் அந்த மணலைக் கறுப்பாக்குவது இல்மனைற்று. அதிலுள்ள இரும்பு, புகையும் நெருப்பில் களியை உருக வைக்கும். அரித்துப் பிரித்த சிர்க்கோன் மாவு வேறு, வாளியில் அள்ளிய மணல் வேறு. அனுமதியில்லாமல் கரையில் மணல் அள்ளுவது குற்றம் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

கடைசியாக, உலையின் வெளிக்கூட்டுக்குக் கல்வனைசுத் தகடு எடுக்காதீர்கள். பழைய நாகப்பூச்சு (துத்தநாகப் பூச்சு) வாளி, குழாய், தண்ணீர்த் தாங்கி எல்லாம் இதற்குள் அடங்கும். சூடேறினால் நாகம் வெள்ளைப் புகையாக வரும். அதை மூச்சில் இழுத்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல்.

கரி உலையா, காஸ் உலையா

செலவு குறைவாக வேண்டும், பொருளெல்லாம் ஊரிலேயே கிடைக்க வேண்டும் என்றால் கரி உலை. களியும் கூரை ஓட்டுத்தூளும் போதும். சிரட்டைக் கரி நல்ல சூடு தரும். பக்கத்து வீட்டுக்குப் புகை போகக்கூடாது, மூட்டிய பத்து நிமிடத்தில் வேலை தொடங்க வேண்டும் என்றால் காஸ் உலை. அதற்கான பொருட்களைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டியிருக்கும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் சிபாரிசு கரி உலை. பிழை விட்டாலும் ஒரு வாளி மண்தான் நட்டம்.

கரி உலைக்குக் களிப்பூச்சு

நல்ல களி வேண்டும். கரையோரம் எங்கும் மணல், களப்போரக் களியில் உப்பு. ஆகவே உள்ளே போங்கள். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வயல் வரம்புகளில் புற்று இருக்கும். புற்றுமண் கறையான் சலித்துக் கொடுத்த மண், கல் இல்லை, வேர் இல்லை. நம்முடைய ஆச்சிமார் அடுப்புக்கு அதைத்தான் தேடினார்கள். ஒன்று மட்டும்: மஞ்சள் பூசி, பூ வைத்து, பால் ஊற்றிய புற்றில் கை வைக்காதீர்கள். நாகதம்பிரான் என்ன சொல்வாரோ தெரியாது, ஊர்ச்சனம் சும்மா விடமாட்டார்கள்.

வெறும் களி காயும்போது சுருங்கி வெடிக்கும். அதைத் தடுக்க, ஏற்கனவே சுட்ட ஒன்றைச் சேர்க்க வேண்டும். உடைந்த கூரை ஓடு, செங்கல் எதுவானாலும் சாக்குக்குள் போட்டுச் சுத்தியலால் நொறுக்கிச் சலியுங்கள். மாவாக இருப்பதைவிட, மாவிலிருந்து பயறு அளவு வரை கலந்து இருப்பது நல்லது. ஒரு பங்கு களிக்கு ஒரு பங்கு ஓட்டுத்தூள் என்று தொடங்கலாம். அதோடு அரைப் பங்கு உமி. உமி எரிந்துபோகும்போது விட்டுச்செல்லும் நுண்ணிய துவாரங்கள்தான் ஆவி வெளியேற வழி. அதன் சாம்பலும் பெரும்பாலும் சிலிக்கா, கெடுதல் செய்யாது. விறகுச் சாம்பலைச் சேர்க்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது களியை எளிதில் உருக வைக்கும்.

கலவை சரியா என்று பார்க்க ஒரு சின்னப் பரீட்சை. விரல் தடிப்பில் ஒரு குச்சி உருட்டி, அதில் சரியாக 10 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு கோடு கீறுங்கள். நிழலில் முழுக்கக் காய்ந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். 9.5க்குக் கீழே போயிருந்தால் ஓட்டுத்தூள் போதாது. தொட்டால் உதிர்ந்தால் களி போதாது. நான் இரண்டு கிழமை இப்படிக் குச்சி உருட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த மாமி, பலகாரம் செய்கிறேன் என்று நினைத்தார்.

தண்ணீரைக் கஞ்சத்தனமாக ஊற்றுங்கள். கையில் பிடித்து அமுக்கினால் கொழுக்கட்டைபோல் நிற்க வேண்டும், இரண்டாக ஒடித்தால் சுத்தமாக ஒடிய வேண்டும், விரலில் ஒட்டக்கூடாது. பிசைந்ததைப் பொலித்தீனில் சுற்றி ஓரிரவு வைத்தால் ஈரம் எல்லா இடமும் சமமாகப் பரவும்.

கூட்டுக்குப் பரலின் அடிப்பாகம் ஓரடி உயரம் போதும். மூடிய எண்ணெய்ப் பரலைக் கிரைண்டரால் வெட்டாதீர்கள், உள்ளே நிற்கும் ஆவி பற்றிக்கொள்ளும். மேல்மூடி திறந்த பரலாகப் பார்த்து எடுத்து, கழுவி, தண்ணீர் நிரப்பி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உளியால் வெட்டுவது நல்லது. ஒன்றரை அங்குல இரும்புக் குழாயைப் பக்கத்தால் நுழையுங்கள். அதன் மூக்கு உட்சுவரோடு மட்டமாக இருக்கட்டும். கலவையை ஒரு கை தடிப்பாக அள்ளிப் போட்டு, மரக்கட்டையால் இடித்து, மேற்பரப்பைக் கீறிவிட்டு, அடுத்த கை போட வேண்டும். தடவுவது வேண்டாம், இடிக்க வேண்டும். அடியிலும் சுற்றிலும் குறைந்தது இரண்டு அங்குலம், குழாய் மூக்கைச் சுற்றி மூன்று அங்குலம். காற்று அடிக்கிற அந்த இடத்தில்தான் சூடு அதிகம், கிட்டம் (சாம்பல் கழிவு) உருகி ஒட்டுவதும் அங்கேதான். நடுவில் ஓரடி அகலம், நாலு அங்குல ஆழத்தில் ஒரு கிண்ணம்போல் விட்டால் போதும்.

காய வைப்பதைப் பிறகு சேர்த்துச் சொல்கிறேன்.

காஸ் உலை: பஞ்சும் காஸ்டபிளும்

இங்கே பூச்சு இரண்டு அடுக்கு. பின்னால் செரமிக் பஞ்சு, அது சூட்டை மறிக்கும். முன்னால் காஸ்டபிள் என்ற நெருப்புத் தாங்கும் சீமெந்துக் கலவை, அது பஞ்சைக் காக்கும். பஞ்சை மட்டும் போட்டு அப்படியே எரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள், காரணம் வருகிறது.

செரமிக் பஞ்சு கொதிகலன் வேலைக்காரர்களிடம் இருக்கும். ஓர் அங்குலத் தடிப்பு, ஒரு கனமீற்றருக்கு 128 கிலோ அடர்த்தி, 1,260 பாகை என்று கேட்டு வாங்குங்கள். வீடுகளில் கூரைக்குக் கீழே போடும் கண்ணாடிப் பஞ்சு வேறு சாமான், அது உருகிவிடும். காஸ்டபிள் என்பது உயர் அலுமினாச் சீமெந்தும் சுட்ட களித்துகளும் சேர்ந்த மூடை, வழக்கமாக 25 கிலோ. பார்த்தால் சாதாரணச் சீமெந்துக் கலவைபோல் இருந்தாலும், பிணைப்பது கல்சியம் அலுமினேற்று என்பதால் நெருப்பைத் தாங்கும். மூடையில் உற்பத்தித் திகதியைப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தது, கட்டி தட்டியது எதையும் பாதி விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள். ரியூப்பிலும் சின்னப் பேணியிலும் விற்கும் அடுப்புச் சாந்து வெடிப்பு அடைக்க மட்டும். தடிப்பாகப் பூசினால் சூட்டில் நுரைத்துப் பொங்கும்.

கணக்கைப் பார்ப்போம். 10 அங்குல உள்விட்டம், 12 அங்குல நீளமுள்ள இரும்புக் குழாய்த் துண்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அடுக்குப் பஞ்சு போட்டால் உள்விட்டம் 6 அங்குலம். அதன் மேல் அரை அங்குலம் காஸ்டபிள் பூசினால் 5. உள்ளே கிடைக்கும் இடம் ஏறத்தாழ 235 கன அங்குலம், ஒரு முக்கால் அங்குலப் பேர்னருக்கு (காஸ் எரியும் குழலுக்கு) மிகத் தாராளம். பஞ்சு முதல் அடுக்குக்கு 31½ அங்குலமும் இரண்டாம் அடுக்குக்கு 25½ அங்குலமும் நீளம் வேண்டும். சுருள் வழக்கமாக இரண்டடி அகலம். அதில் மூன்றடி வாங்கி, நெடுக இரண்டாகக் கிழித்தால் இரண்டு அடுக்கும் வந்துவிடும். காஸ்டபிள் 5 கிலோ போதும். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு மூடை எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

பேர்னர் நுழையும் துளை, அதன் பிடிகுழாய், கால்கள் என்று வெல்டிங் வேலை முழுவதையும் பஞ்சு போடுமுன் முடித்துவிடுங்கள். பின்பக்கம் இரண்டங்குலத் திறப்பு ஒன்று இருந்தால் நீளமான கம்பியைச் சூடாக்கலாம்.

இனி முகக்கவசம். பஞ்சைக் கையில் எடுக்குமுன் என்95 தரத்திலாவது ஒன்றை இறுக்கமாகப் போடுங்கள். துணியைக் கட்டினால் போதாது. நீளக் கைச்சட்டையும் கையுறையும் வேண்டும். இந்த இழைகள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இவற்றை "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. நீண்ட நாள் அதிகச் சூடு பட்ட பழைய பஞ்சில் படிகச் சிலிக்கா உண்டாகும், அது இன்னும் மோசம். வெறும் பஞ்சோடு எரிக்க வேண்டாம் என்றதன் காரணம் இதுதான். ஒவ்வொரு முறையும் கம்பி உரசும்போது தூள் காற்றில் கலக்கும். வேலையை வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்யுங்கள். பிள்ளைகள் விளையாடுகிற முற்றத்தில் வேண்டாம்.

முதல் அடுக்கை உள்ளே வளைத்து இறுக்கமாக வையுங்கள். சுற்றளவைவிடச் சற்றே கூட வெட்டியதால் தன் பலத்திலேயே சுவரோடு ஒட்டி நிற்கும், பசை தேவையில்லை. இரண்டாம் அடுக்கின் இணைப்பு முதல் அடுக்கின் இணைப்புக்கு எதிர்ப்பக்கம் வர வேண்டும். பேர்னர் துளையைக் கூரிய கத்தியால் வெட்டி, உட்பக்கம் புனல்போல் கொஞ்சம் விரித்துவிடுங்கள்.

இப்போது பஞ்சு தொட்டால் அமுங்கும். அதன் மேல் நேரடியாகப் பூசினால் காஸ்டபிள் பிளக்கும். அதை விறைப்பாக்கக் கூழ்நிலைச் சிலிக்கா என்ற திரவம் இருக்கிறது, ஆனால் ஊரில் தேடி அலைய வேண்டாம். நம்முடைய ஃபைபர் போட் கட்டுகிறவர்கள் ரெசினைத் தடிக்க வைக்க ஒரு வெள்ளைத் தூள் போடுவார்களே, மூச்சு விட்டாலே பறக்கிற அந்தத் தூளும் சிலிக்காதான். மீன்பிடிச் சாமான், ரெசின் விற்கும் கடைகளில் கேளுங்கள். தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கி, ஐதான பால் பதத்துக்குக் கொண்டுவந்து, ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரும் போடுங்கள். எங்கே பட்டது, எங்கே படவில்லை என்று நிறம் காட்டிக்கொடுக்கும். செடிக்குத் தெளிக்கும் போத்தலால் பஞ்சை நன்றாக நனைத்து, இரண்டு நாள் காய விட்டு, பேர்னரைக் கொஞ்சமாக எரித்து உள்ளே ஒரு முறை சிவக்க வையுங்கள். விரலால் தட்டினால் முட்டைக்கோது போலச் சத்தம் வரும்.

காஸ்டபிள் பூசுதல்

காலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள். திருகோணமலை மத்தியான வெயிலில் இந்தச் சீமெந்து கைக்குள்ளேயே இறுகிவிடும். குடிக்கக்கூடிய நல்ல தண்ணீர்தான் பாவிக்க வேண்டும், உவர்க் கிணற்றுத் தண்ணீர் கூடாது. எவ்வளவு என்று மூடையில் இருக்கும். பெரும்பாலான கலவைகளுக்கு 10 கிலோவுக்கு ஒரு லீற்றர் அளவில் வரும். 5 கிலோ என்றால் அரை லீற்றர். "கொஞ்சம் இளக்கமாக இருந்தால் பூச லேசு" என்று மனம் சொல்லும். ஊற்றாதீர்கள். நீங்கள் கூட ஊற்றுகிற ஒவ்வொரு கோப்பையையும் பிறகு நெருப்பு வெளியே எடுக்க வேண்டும், பலமும் குறையும். உருண்டை பிடித்து ஓரடி உயரத்துக்கு எறிந்து பிடித்தால் கையில் சப்பையாகாமலும் உதிராமலும் இருந்தால் பதம் சரி.

பூசுமுன் விறைத்த பஞ்சின் மேல் தண்ணீர் தெளியுங்கள், இல்லாவிட்டால் காஸ்டபிளின் தண்ணீரைப் பஞ்சு உறிஞ்சிவிடும். றப்பர் கையுறை கட்டாயம், இது தோலை அரிக்கும். குழாயைப் படுக்கவைத்து அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கை மட்டும் முதலில் பூசுங்கள். அது கல்லான பிறகு உருட்டி அடுத்த பங்கு. ஒரே நாளில் மேற்கூரையையும் பூச முயன்றால் தலையில் விழும். ஒவ்வொரு பங்குக்கும் அளவாகக் கலந்துகொள்ளுங்கள், மிஞ்சியதை மறுபடி தண்ணீர் விட்டு உயிர்ப்பிக்க முடியாது. தரைப்பக்கம் மட்டும் முக்கால் அங்குலம் இருக்கட்டும். இரும்போடு இரும்பு ஒட்டும் வேலைக்கு வெண்காரம் தூவுவீர்கள் அல்லவா, அது உருகி ஒழுகினால் பஞ்சைச் சர்க்கரைபோல் கரைத்துக்கொண்டு போகும். நான் பார்த்த ஒரு உலையில் அடியிலிருந்த தகடு வரை ஓட்டை. தரையில் தீச்செங்கல் பலகை ஒன்றையும் வைத்துவிட்டால், பழுதானதும் அதை மட்டும் மாற்றலாம்.

கயோலின் என்ற வெண்களியும் அலுமினா மாவும் சமமாகக் கலந்து, பெயின்ட் பதத்தில் மேலே ஒரு பூச்சுத் தீட்டலாம். கிட்டம் ஒட்டாமல் இருக்கும். இல்லாவிட்டாலும் உலை எரியும்.

காய வைத்தல்

இதில்தான் எல்லோரும் தோற்கிறார்கள். என் இரண்டாவது உலையையும் இங்கேதான் இழந்தேன். கார்த்திகை மாதம், வாடைக்காற்று, விடாத மழை. ஒருவர் நாலு மண்வெட்டி கேட்டுக்கொண்டிருந்தார். நாலாம் நாள் "தொட்டால் காய்ந்துதானே இருக்கிறது" என்று மூட்டினேன். அரை மணித்தியாலத்தில் சாப்பாட்டுக் கோப்பை அளவு துண்டு கழன்று விழுந்தது. மேல் காய்ந்திருந்தது, உள்ளே தண்ணீர் இருந்தது. முடிந்தால் இந்த வேலையை வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில், கச்சான் அடிக்கும் மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று உதட்டையே வெடிக்க வைக்கும், உலையை விடுமா?

காஸ்டபிளுக்கு முதல் 24 மணித்தியாலம் தலைகீழ். அது காயக்கூடாது. ஈரச்சாக்கு போட்டு, பொலித்தீனால் மூடி வையுங்கள். இறுகுவதற்கு அதற்கு அந்தத் தண்ணீர் வேண்டும். களிப்பூச்சையும் முதல் இரண்டு நாள் சாக்கால் மூடி மெதுவாகத்தான் காய விட வேண்டும், வெயிலில் தூக்கி வைத்தால் மேற்பக்கம் மட்டும் சுருங்கி வெடிக்கும். அப்புறம் நிழலில், காற்றோட்டத்தில் ஒரு கிழமை. களிக்கு இரண்டு கிழமை.

காய்ந்ததை எப்படி அறிவது? மீன் நிறுக்கும் தொங்குதராசு கிடைத்தால் காஸ் உலையைத் தினமும் நிறுத்து எழுதுங்கள். நிறை குறைந்துகொண்டே வந்து, மூன்று நாள் ஒரே எண்ணில் நின்றால் காற்றால் எடுக்க முடிந்த தண்ணீர் போய்விட்டது. ஊற்றிய தண்ணீர் முழுவதும் குறையாது, ஒரு பங்கு கல்லோடு பிணைந்திருக்கும். அதை நெருப்புத்தான் எடுக்க வேண்டும்.

அதற்கு முன் உள்ளே ஒரு 60 வாற்று இழை பல்ப்பை எரியவிட்டு, வாயை லேசாக மூடி ஒரு நாள் வையுங்கள். எல்ஈடி பல்ப் உதவாது, சூடு வராது. சுவரில் கை வைத்தால் கன்னியா வெந்நீர்க் கிணற்றில் அள்ளிய வாளியைத் தொட்டதுபோல் இருந்தால் போதும்.

பிறகு நெருப்பு. கரி உலையில் இரண்டு கைப்பிடி கரி, காற்று அடிக்காமல். காஸ் உலையிலும் முதல் நாள் கரிதான் என் வழக்கம், பேர்னரை மிகச் சிறிதாக்கி நிலையாக எரிய வைப்பது கஷ்டம். 100 பாகையைச் சற்றுத் தாண்டி இரண்டு மூன்று மணித்தியாலம் அப்படியே நிற்கட்டும். வாய்க்கு மேலே ஆறிய இரும்புத் துண்டையோ பழைய முகக்கண்ணாடியையோ ஒரு கணம் பிடியுங்கள். நீராவிப் புகார் படிந்தால் இன்னும் தண்ணீர் வருகிறது, சூட்டைக் கூட்டாதீர்கள். கரி எரிந்தால் ஈரம் அதிகம் வராது, காஸ் எரிந்தால் அந்த நெருப்பே கொஞ்சம் நீராவி விடும் என்பதால், இந்தச் சோதனைக்கும் கரிதான் நம்பிக்கை.

புகார் நின்றதும் மணித்தியாலத்துக்கு 50 பாகை அளவில் ஏற்றி, 300 அளவில் மறுபடி ஓரிரு மணித்தியாலம் நிறுத்துங்கள். வெப்பமானி இல்லாதவர்கள் பூச்சில்லாத ஓர் உருக்குத் துண்டை உரஞ்சிப் பளபளப்பாக்கி உள்ளே போடலாம். வைக்கோல் நிறம் வந்தால் 220 சுமார், நீலம் வந்தால் 300 சுமார். பிறகு மெதுவாக இருட்டில் மட்டும் தெரியும் மங்கிய சிவப்பு வரை கொண்டுபோய் அரை மணித்தியாலம். களியோடு ஒட்டியிருக்கும் கடைசித் தண்ணீர் போவது 450க்கும் 600க்கும் இடையில்தான், ஆகவே களி உலைக்கு இந்தக் கட்டத்தில் இன்னும் பொறுமை வேண்டும். முடிந்ததும் வாயை மூடி, காற்றை அடைத்து, இரவு முழுவதும் ஆற விடுங்கள். முழுச் சூடு அடுத்த நாள். இத்தனையும் நடக்கும்போது கண்ணாடி போட்டு, வாய்க்கு நேரே நிற்காமல் பக்கத்தில் நில்லுங்கள்.

மூடிய அறைக்குள் எரிக்க வேண்டாம். கரியும் காஸும் காபனோரொட்சைட்டு விடும், அதற்கு மணமில்லை. இரண்டு பக்கமாவது திறந்த கொட்டில் வேண்டும்.

வெடிப்பும் பராமரிப்பும்

முதல் முழுச் சூட்டுக்குப் பிறகு மயிரிழை வெடிப்புகள் தெரியும். பதற வேண்டாம், சூட்டில் அவை மூடிக்கொள்ளும். ஐந்து சத நாணயம் நுழையுமளவு பெரிதானால் விளிம்பைச் சுரண்டி, நனைத்து, அதே கலவையை இறுக்கி அடைத்து, மறுபடி காய வைக்கும் சடங்கு முழுவதையும் சின்னதாகச் செய்யுங்கள். கரி உலையில் குழாய் மூக்கில் ஒட்டும் கிட்டத்தை உலை மங்கிய சூட்டில் இருக்கும்போது கொக்கியால் கிளப்பினால் லேசாக வரும். ஆறிய பிறகு அடித்தால் பூச்சையும் சேர்த்துக்கொண்டு வரும். எரியும் உலையைத் தண்ணீர் ஊற்றி அணைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

மாரி முழுவதும் சும்மா கிடந்த உலை மறுபடி ஈரம் குடித்திருக்கும். தை மாதம் திரும்ப மூட்டும்போது ஒரு மணித்தியாலம் சின்ன நெருப்பு, அந்தக் கண்ணாடிச் சோதனை, அப்புறம் வேலை. பழைய பஞ்சைக் கழற்ற நேர்ந்தால் முதலில் நன்றாகத் தண்ணீர் தெளித்து, முகக்கவசத்தோடு கழற்றி, இரட்டைப் பையில் கட்டுங்கள்.

மிஞ்சிய காஸ்டபிளை மூடையிலேயே விட்டால் கடற்காற்றில் இரண்டு மாதத்தில் கல்லாகிவிடும். காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளியில் கொட்டி, மேலே திகதி எழுதி, நிலத்தில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.